கையை எடுக்கச் சொன்ன பிறகு

கலேவெல
14.6.1996

அன்புள்ள அம்மாவுக்கு மகளின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் சுகமா?

கார்மென்ட் தொழிற்சாலையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். போன மாதம் சூப்பர்வைசர் என் இடுப்பில் கை வைத்தார். “கைய எடுங்க சேர்!” என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். மேனேஜருக்கும் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். மறுநாளே என்னைத் தையல் மெஷினிலிருந்து எடுத்து, அயர்ன் பண்ணும் அறையில் தனியாகப் போட்டார்கள்.

“கடதாசிய வாபஸ் வாங்கு, மெஷின் தாறேன்” என்றார் மேனேஜர்.

“மாட்டேன் சேர்” என்றேன்.

அந்தச் சூப்பர்வைசர் இப்போது எந்தப் பிள்ளையையும் தொடுவதில்லை. ஆனால் வேலை போய்விடும் என்று பயந்து ஒருத்தியும் என்னோடு பேசுவதில்லை.

கையில் சூடு பட்ட இடத்தில் பூச நீங்கள் காய்ச்சும் எண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, அம்மா. பதிலில் என் பெயரை முழுதாக எழுதுங்கள். இங்கே அதைச் சொல்லிக் கூப்பிட ஒருவருமில்லை.

உங்கள் மகள்
புஷ்பவதி