முடிவையும் சேர்த்துச் சொன்னவளுக்கு

இன்று காலை அலுவலகக் கதவைத் திறந்ததுமே மாசிக் கருவாட்டு வாசம் முகத்தில் அடித்தது. எங்கள் துறைமுகச் சரக்குக் கிளியரிங் ஆபீஸில் ஏசி வாசமும் பழைய காகித வாசமும் தவிர வேறெதற்கும் இடமில்லை என்று உனக்குத் தெரியும். என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. மாலத்தீவிலிருந்து தோணியில் வந்த மாசி. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வாசல் பக்கம், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்டல் அண்ணாச்சி நின்றிருந்தார்.

தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. உன் அப்பாவும் தண்டல்தானே. ஒவ்வொரு நடை முடிந்து திரும்பும்போதும் அண்ணாச்சி உன் கடைக்குத்தான் மாசி கொண்டுவருவார். இந்தத் தடவை என்னைத் தேடி வந்திருக்கிறார். உன் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை, கடலில் இருந்தார். அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, அந்த லாரிக்காரி படத்தோட முடிவ எப்பச் சொல்லப்போற? தோணியில பயக்க என்னையப் பிச்சுத் திங்கானுவ."

"அண்ணாச்சி, அது இப்ப டிவியிலேயே வந்துட்டே, பாக்கலியா?"

"வந்துட்டுன்னுதான் சொல்லுதாவ. நாங்க பாக்கல. ஒங்க வாயால கேட்டுட்டுத்தான் பாப்போம்."

ஏளா, இதைக் கேட்டபோது எனக்கு வந்தது அழுகை இல்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. படம் கையெட்டும் தூரத்தில் இருந்தும், நம் இரண்டு பேர் பேச்சுக்காக ஒரு தோணி ஆட்கள் காத்திருக்கிறார்கள்! நீ இருந்திருந்தால் கடை வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருப்பாய்.

இதெல்லாம் தொடங்கியதே உன் வாயால்தான். பழைய துறைமுகத்துப் பக்கம் உன் செல்போன் கடை. தோணி கிளம்புவதற்கு முன்னால் ஆட்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். ஒருவனுக்குப் பாட்டு, ஒருவனுக்குச் சார்ஜர். அன்றைக்கு நான் ரீசார்ஜ் செய்ய வந்திருந்தேன். ஒருவன் புதுப்படம் ஏற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினான். நீ கவுண்டரைத் தட்டி எழுந்தாய்.

"திருட்டுப் படம் ஏத்துத கட இது இல்ல. எத்தன பேரு ராப்பகலா ஒழச்சு எடுத்திருக்கான்! கத வேணுமா, நில்லு, நான் சொல்லுதேன்."

சொன்னாய். சும்மா சொல்லவில்லை. வில்லன் வரும்போது தோளை ஏற்றினாய், கதாநாயகி மழையில் நனையும்போது மேசைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டாய். சண்டைக் காட்சிக்கு ஒரு போன் கவர் டப்பாவையே பலி கொடுத்தாய். ஆட்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். நீ மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் நான் என்னையறியாமல் "பொறவு?" என்றேன். கூட்டத்தில் ஒருவன் போனை நீட்டி அதைப் பதிந்துகொண்டு போனான். அடுத்த நடைக்கு வேறு தோணிக்காரர்களும் வந்து, "அந்த ரெண்டு அக்கா பேசுத படக்கத இருக்கா?" என்று கேட்டார்கள். பாட்காஸ்ட் என்ற சொல்லே நமக்குப் பிறகுதான் தெரியும். அண்ணாச்சிக்கு இன்றைக்கும் அது ரேடியோதான்.

பிறகு ஞாயிறுதோறும் நாமே போனில் பதிந்து வெளியிட ஆரம்பித்தோம். நீ மாதா கோயில் பூசை முடிந்து வருவாய், நான் எங்கள் சர்ச் ஆராதனை முடிந்து வருவேன். உனக்கு எப்போதும் காத்திருக்க வேண்டியிருக்கும். "ஒங்க சர்ச் ஐயரு பிரசங்கத்துக்கு இண்டர்வெல்லே கெடையாதா?" என்று என் வீட்டுப் படியில் உட்கார்ந்தபடி கேட்பாய். பிறகு ஜன்னலை அடைப்போம், மின்விசிறியை நிறுத்துவோம், வெளிச்சத்தம் பதிவாகாமலிருக்க இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரு கனத்த போர்வை. தூத்துக்குடி வெயிலில் போர்வைக்குள் உட்கார்ந்து சினிமா பேசிய பைத்தியங்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். ஒரு படம் முடிவதற்குள் என் ஜாக்கெட்டைப் பிழியலாம். உனக்கு அது கவலையே இல்லை. போன் திரையில் நேரம் ஓடுவதைப் பார்த்தால் போதும், உன் கண் பளபளக்கும்.

கதை உனக்கு, கதைக்குப் பின்னால் இருக்கிற கதை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நான் நூலகத்தில் படித்து வந்து சொல்வேன். பேசும்படம் வந்த புதிதில் பாட்டையும் நடிப்பையும் ஒன்றாகவே எடுத்தார்கள், வாத்தியக்காரர்கள் காமிராவுக்குத் தெரியாமல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து வாசித்தார்கள் என்று ஒருநாள் சொன்னேன். நான் தகவலாகச் சொன்னதை நீ உடனே காட்சியாக்கிவிட்டாய். "அப்பம் மிருதங்கக்காரரு கால்ல கட்டெறும்பு கடிச்சா? கத்தவும் கூடாது, அசையவும் கூடாது. பாவம், தாளத்த மட்டும் கொஞ்சம் வேகமா போட்டிருப்பாரு!" போர்வைக்குள் நாம் சிரித்த சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டோம். இன்றும் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் முதலில் சொல்வது அந்தச் சிரிப்பைத்தான்.

சரி, உன் பெருமையை மட்டும் பேசினால் உனக்கே பிடிக்காது. ஒரு தடவை உனக்கு ஆசை வந்துவிட்டது, எல்லாரும் செய்கிறார்களே என்று. ஒரு பேய்ப்படத்தை இரண்டு பாகமாக்கினாய். கதவு திறக்கிற இடத்தில் நிறுத்தி, மீதி அடுத்த ஞாயிறு என்று சொல்லி முடித்தாய். பெரிய ஊரில் இருக்கிறவர்களுக்கு அது சரிதான். ஒரு வாரம் காத்திருப்பார்கள். நம் ஆட்கள் மறுநாளே மாலத்தீவுக்குப் பாய் விரித்துவிட்டார்கள். பாதிக் கதையோடு போனவர்கள் அங்கே சரக்கு இறக்கி, காற்றுக்குக் காத்துக்கிடந்து, திரும்பி வரும்வரை கதவுக்குப் பின்னால் யார் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். சமைக்கிறவனும் சுக்கான் பிடிக்கிறவனும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கரைக்கு வந்த கையோடு அண்ணாச்சி உன் கடை முன்னால் வந்து போட்ட கூச்சல் உனக்கு மறந்திருக்காது.

"ஏளா, அரிசி கொறஞ்சா மீனத் தின்னு சமாளிப்போம். பாதிக் கதைய வச்சு நடுக்கடல்ல என்னத்தளா செய்ய?"

கூட்டம் கூடிவிட்டது. நீ கடைக்குள் இருந்த முக்காலியை எடுத்துப் போட்டு, அவரை உட்காரவைத்து, மீதிக் கதையை அங்கேயே சொல்லி முடித்தாய். அன்றைக்கு வைத்த சட்டம்தான்: முடிவு இல்லாமல் ஒரு கதையும் கரையை விட்டுப் போகக்கூடாது. சினிமா பேசுகிற உலகமே முடிவை மறைத்துக்கொண்டு திரிய, தொடக்கத்திலேயே "முடிவையும் சொல்லுவோம், புடிக்காதவிய காதப் பொத்திக்கிடுங்க" என்று அறிவித்தவள் நீ.

அதற்காக வாங்கிய வசவு கொஞ்சமா? படத்தைக் கெடுக்கிறார்கள் என்று எழுதினார்கள். பிறகு ஒரு பெரிய ஊர்க் கம்பெனியிலிருந்து நல்ல விதமாகவே பேசினார்கள். நம் நிகழ்ச்சியைத் தாங்களே எடுத்து நடத்துகிறோம் என்றார்கள். இரண்டு மாற்றம்தான் கேட்டார்கள்: முடிவைச் சொல்லக்கூடாது, பேச்சையும் எல்லாருக்கும் புரிகிற மாதிரி கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஆசைதான். நல்ல மைக், ஏசி அறை, போர்வைக்கு விடுதலை! நீ ஸ்பீக்கரைப் போட்டுப் பொறுமையாகக் கேட்டாய்.

"ஐயா, படம் தேட்டர விட்டுப் போன பொறவுதான் எங்க ஆளுவ கரைக்கே வருவாவ. முடிவச் சொல்லலன்னா நாங்க யாருக்குச் சொல்லுதது? பேச்சு புரியலன்னா ரெண்டு தடவ கேக்கச் சொல்லுங்க. கேட்டா எல்லாம் புரியும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "ஒனக்கு வருத்தமாளா?" என்றாய். கொஞ்சம் வருத்தம்தான், ஏசிக்காக. ஆனால் அடுத்த வாரமே ஒரு குரல்செய்தி வந்ததே, ஞாபகமிருக்கிறதா? ஏரல் பக்கத்து ஆள், சரக்குக் கப்பலில் சமையல்காரர். பின்னணியில் இன்ஜின் இரைச்சல். நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்ததாகவும், ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எது வெங்காயக் கண்ணீர், எது மற்றது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். அதை நீ கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாய். எந்தக் கம்பெனியும் நமக்குத் தந்திருக்க முடியாத மரியாதை அது. அன்றைக்கு உன் தோழி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருந்த கர்வம் இன்றும் ஒரு துளி குறையவில்லை.

பிறகு நீ படுத்தாய். அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். நோய்ப் படங்கள் உனக்குப் பிடிக்காது. நீ மாதக்கணக்காக எதிர்பார்த்த லாரிக்காரி படம் வந்தபோது நீ மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாய். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. போனையும் ஆன் பண்ணி வையி" என்றாய். வாழ்க்கையில் முதல்முறையாக நான் கதை சொன்னேன், நீ "பொறவு?" கேட்டாய். நான் என்ன உன்னைப் போலவா? சண்டைக் காட்சியைச் சொன்ன அழகில் பக்கத்துக் கட்டில் அம்மாவே சிரித்தார். நீ மட்டும் சிரிக்காமல் கேட்டாய்.

படத்தில், வடக்கே லாரி ஓட்டப் போன தம்பியைக் காணவில்லை. அக்கா லாரி ஓட்டப் பழகி, அவனைத் தேடித் தனியாகக் கிளம்புகிறாள். ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் பிரேக் போடுகிறாள். அங்கே ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான். நான் இந்த இடத்துக்கு வந்ததும் நீ கையைத் தூக்கினாய்.

"நிறுத்துளா. முடிவச் சொல்லாத. அவன் உசிரோடதான் இருப்பான், எனக்குத் தெரியும். ஆனா நான் எந்திரிச்சு வந்து தேட்டர்லயே பாத்துக்கிடுதேன்."

முடிவைச் சொல்லாதே என்று நீயா சொல்கிறாய் என்று எனக்குத் திக்கென்றது. பிறகுதான் புரிந்தது. எழுந்து வர உனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் பதிவை அங்கேயே நிறுத்தினேன். அந்த வாரத்திலேயே நீ போய்விட்டாய்.

உன் குரல் இருக்கிற கடைசிப் பதிவு என்று அதை வெட்டாமல் அப்படியே வெளியிட்டேன். உன் "பாத்துக்கிடுதேன்" என்பதோடு அது நிற்கிறது. பின்னால் கிளம்பிய தோணியில் அது மாலத்தீவில் இருந்த அண்ணாச்சி ஆட்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. முடிவை எத்தனையோ பேர் கேட்டார்கள். நீ வேண்டாம் என்றதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். கதை உன் பங்கு, எனக்கு அது வராது என்றும் நினைத்தேன். நிகழ்ச்சி இத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

இன்று மாசிப் பொட்டலத்தைப் பார்த்தபடி நின்றபோது ஒன்று உறைத்தது. சொல்லாதே என்று நீ கேட்டது உனக்காக. தோணிக்கு அந்தச் சட்டத்தை நீ ஒருநாளும் மாற்றவில்லை. அண்ணாச்சி நாளைக்கு மறுபடி கிளம்புகிறார். பாதிக் கதையோடு மறுபடியும் அவரைக் கடலுக்கு அனுப்பினால் நீ என்னைச் சும்மா விடுவாயா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜரிடம் மீட்டிங் அறையைக் கேட்டேன். பேசி முடித்ததும் கருவாட்டை வெளியே கொண்டுபோகிறேன் என்றதும் உடனே கொடுத்துவிட்டார். ஏசியை நிறுத்தினேன். ஜன்னலை அடைத்தேன். போர்வை இல்லை, இருந்தாலும் நன்றாகவே வியர்த்தது. எதிரே அண்ணாச்சி கைகட்டி உட்கார்ந்தார். போனை ஆன் செய்து, முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவனிடம் அக்கா நடந்து போகிறாள் என்று தொடங்கினேன். அவள் கூப்பிட வாயைத் திறக்கிறாள் என்ற இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். வழக்கமாக அந்த இடைவெளியில் இரண்டு பேரில் ஒருவர் கேட்போமே, அந்தச் சொல்லுக்காகக் காது தானாகக் காத்திருந்தது.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொறவு?" என்றார்.

பொறவு நான் நிறுத்தவே இல்லை. எழுந்து நின்று சொன்னேன். கையை ஆட்டிச் சொன்னேன். அண்ணாச்சி போனில் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு அது கடலில் இருக்கும். அடுத்த ஞாயிறு என்ன படம் என்று இப்போதே யோசிக்கிறேன், பார்த்துக்கொள்.

உனக்குத்தான் பாக்கி. இனி நீ தியேட்டருக்கு வரப்போவதில்லை, ஆகவே கேள். அவன் திரும்பிப் பார்க்கிறான். நீ சொன்னது சரிதான், உயிரோடுதான் இருக்கிறான். அக்காவைப் பார்க்கிறான், அவளுக்குப் பின்னால் நிற்கிற லாரியைப் பார்க்கிறான். ஓடி வந்து கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. நம்ப முடியாமல் கேட்கிறான், "இம்புட்டுத் தூரமும் நீயா ஓட்டிட்டு வந்த?"

இன்று நான் கதை சொன்னதைப் பார்த்திருந்தால் நீயும் என்னிடம் இப்படித்தான் கேட்டிருப்பாய். ஆமளா, நான்தான்.