பொங்கலுக்குத் தண்ணீர்

தம்பிக்கு,

சிங்கப்பூரில் மழையா என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். கேட்கிற மனநிலையில் இல்லை.

நேற்று நம் ஊரில் விவசாயிகள் கூட்டம். கடல் உப்பு நிலத்துக்குள் ஏறுவதைப் பற்றி இருபது வருடமாக ஆராய்ந்து சொல்வதையே மறுபடியும் சொன்னேன். இறால் குளம் வெட்ட வயலைக் குத்தகைக்கு விடாதீர்கள் என்றேன். பக்கத்து வயல்காரர் இராஜாங்கம் எழுந்தார்.

"மேடம், இத மொதல்ல உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் வயலில் இப்போது இறால் குளமாம். அதன் உப்பு கசிந்து இராஜாங்கத்தின் பயிர் கருகிக் கிடக்கிறது.

எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? குத்தகைக்குக் கையெழுத்துப் போடுமுன் நீ ஒரு போன் பண்ணக் கூடாதா? ஊரெல்லாம் கேட்கிற என் பேச்சு வீட்டில் செல்லாக்காசு!

நாளை அதிகாரிகள் இறால் குளங்களை ஆய்வு செய்ய வருகிறார்கள். எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். அப்பாவின் வயலில் என்றேன்.

என்மேல் கோபம் இருந்தாலும் பொங்கலுக்கு வந்துவிடு. வரும் வழியில் மன்னார்குடியில் கேன் தண்ணீர் வாங்கிக்கொள். நேற்று நம் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் டீ போட்டேன். பால் திரிந்துவிட்டது.

உன் அக்கா