ரகசியச் சொல் கேட்காமல் ஏறாதே

குட்டிம்மா,

“சரின்னாவது சொல்லுங்க, வேணாம்னாவது சொல்லுங்கப்பா!” என்று நேற்று நீ கத்தியும் நான் வாயைத் திறக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். சரி. நீச்சல் வகுப்புக்குத் தனியாகவே போ.

நாலு மணிக்கு வாடகைக் கார் வரும். நம்பரைச் சரிபார். ஓட்டுநர் அக்கா ரகசியச் சொல்லைச் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். பின்சீட்டில் உட்கார், பெல்ட் போடு. கார் போகும் வழி என் போனில் தெரியும்.

நீ வைத்த சொல்லை அவரிடம் போனில் சொன்னேன். “உம்மணாமூஞ்சியா? யாருங்க அது?” என்றார். “நான்தாங்க” என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

டப்பாவில் ரொட்டி இருக்கிறது. சாவியை மறக்காதே.

அப்பா

பி.கு.: திரும்பும்போது நானே வருகிறேன். அப்பாதானே என்று ஓடி வந்து ஏறிவிடாதே. என்னிடமும் அந்தச் சொல்லைக் கேள். உன் தோழிகள் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்கிறேன்.