நல்ல கையைக் கட்டச் சொன்ன அத்தைக்கு

என் மூளைக்கார அத்தைக்கு,

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: இன்று காலை அப்பாவின் வலது கை ஓர் இட்லித் துண்டைத் தட்டிலிருந்து வாய்வரை வெற்றிகரமாகக் கொண்டுசேர்த்தது. வழியில் சட்னி மட்டும் வீரமரணம் அடைந்தது.

நீங்கள் இறந்து வருஷம் திரும்புவதற்குள் உங்கள் அண்ணனுக்குப் பக்கவாதம், அத்தை. மூளையில் ஓரிடம் பழுதானால் பக்கத்து நரம்புகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் என்று எலிகளை வைத்துக் காட்டினீர்களே. நல்ல காலைக் கட்டினால்தான் முடங்கிய கால் உழைக்கும் என்றபோது சிரித்த பெரிய டாக்டர்களையெல்லாம் நம்ப வைத்தீர்களே. அது இப்போது நம் வீட்டுக்கே தேவைப்படுகிறது.

உங்கள் ஆராய்ச்சியின் திருப்பூர் கிளைத் தலைவராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். பனியன் துணியில் பை தைத்து, டாக்டர் சொன்னபடி அப்பாவின் நன்றாக இருக்கும் இடது கையில் மாட்டினேன். இந்தச் சில மாதங்களில் வலது கை பழகினால்தான் அவர் மறுபடி துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார முடியும். அதுவரை அவருக்கு அருள்புரம் கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டும் வேலை. அருமையான பயிற்சி என்று குதித்தேன்.

சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனால், அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் பங்குப் பனியன்களை மற்றவர்கள் பிரித்தெடுத்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் இங்கே அதுதான் வழக்கம்.

“ஏனுங்கப்பா, இதென்ன?”

“நீ மாட்டுன பையைக் கழட்டவே இல்லையே கண்ணு!”

பக்கத்து மேஜை திருநெல்வேலி அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். “நல்லா இருக்க கையையும் கட்டிப்போட்டிருக்க, ஏலே, நீயெல்லாம் ஒரு மவனா? நாங்க வெட்டிக் குடுத்தா என்ன கொறஞ்சா போவும்?”

“அப்பா கை போயிருமுங்க அக்கா.”

“போலே, சோத்த வச்சிட்டுக் கெளம்பு!”

ஓவர்லாக் போட்டவர் கைக்கே லாக், அதுவும் ஓவர் லாக்! உங்களுக்கென்ன அத்தை, பக்கத்துக் கூண்டு எலி பாவம் பார்த்து வந்து வேலையை முடித்துக் கொடுத்ததா? பாசக்காரர்களை எப்படிக் கட்டிப்போடுவது என்று ஏன் கண்டுபிடிக்காமல் போனீர்கள்?

இவ்வளவு சத்தம் போடும் கிளைத் தலைவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் அப்பாவின் விரல் சட்டைப் பொத்தானோடு போராடும். “ஸ்கூலுக்கு நேரமாச்சுங்கப்பா” என்று நானே போட்டுவிடுகிறேன். நேரமெல்லாம் ஆகவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நாளைக்கு அவரே போட்டு முடிக்கும்வரை நான் தொடமாட்டேன். பள்ளியில் முதல் பாடவேளை போனாலும் சரி.

உங்கள் மருமகன்,
கதிர்