சாமிக்கு வைத்த வாழைப்பழம்

ஐப்பசி 7, வெள்ளி. இரவு.

நேற்று சாமிக்கு எடுத்து வைத்த வாழைப்பழத் தட்டு காலியாகக் கிடந்தது. நான் என் நாத்தனார் கமலாவைத்தான் கேட்டேன்.

"சுகரை வச்சுக்கிட்டு, படைக்கிறதுக்கு முன்னாடியே தின்னுட்டியே?"

"நான் தொடலைங்க அண்ணி. குரங்கா இருக்கும்."

"கம்பிக் கதவு பூட்டிக் கிடக்கு. தட்டு கை எட்டாத தூரத்துல இருக்கு. குரங்கு குச்சி வச்சு இழுத்துச்சாக்கும்?"

கமலா பையை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, பாபநாசத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்றும் அதே இடத்தில் தட்டை வைத்திருந்தேன். மாலையில் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டியோடு ஒரு குரங்கு கம்பிக் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்தது. அங்கே சாத்தியிருந்த துணி உலர்த்தும் குச்சியைக் கம்பிக்குள் விட்டு, தட்டை நிதானமாகத் தன் பக்கம் இழுத்தது. எனக்கு விரட்டத் தோன்றவில்லை. கருவியைக் கையாளத் தெரிந்தவன் மனிதன் மட்டுமே என்று கான்வென்ட்டில் படித்ததை இத்தனை வயது வரை நம்பியிருக்கிறேன். கமலா சொன்னதை ஒரு நிமிடம்கூட நம்பவில்லை.

போன் செய்தேன்.

"குரங்குதான் கமலா. என் கண்ணால பார்த்தேன்."

"அது வந்து ஒத்துக்கிச்சா அண்ணி?"

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். "மாத்திரை போட்டியா?" என்றுதான் வாயில் வந்தது. மாத்திரை டப்பா இங்கே அலமாரியிலேயே இருக்கிறதாம்.

"காலையில நானே கொண்டுவந்து தரேன்."

"மாத்திரை கொடுக்க மட்டும்தானா அண்ணி?"

அவள் காத்திருந்தாள். நான்தான் போனை வைத்தேன்.