ஆட்டுப் பேராசிரியரைக் காணோம்

நார்த்பெரி, மினசோட்டா
அக்டோபர் 3

அன்பு மகன் நெல்ஸுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டால் "வேலை தலைக்கு மேல இருக்கும்மா" என்பாய், அதனால் கேட்கவில்லை. இங்கே மேப்பிள் இலைகள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. உன் அப்பா வழக்கம்போலக் கூட்டமாட்டார், நான்தான் கூட்டுகிறேன்.

பழைய மாணவர் விழாவுக்காகக் கல்லூரி நூலகத்துச் சுவரில் உன் படத்தை மாட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் செனட்டர், மறுபக்கம் இதய மருத்துவர், நடுவில் தலை சீவாத நீ. எதிர்ச் சுவர் பேராசிரியர்களுக்கு. அங்கே உனக்கு நேர் எதிரே உன் அப்பா. படிப்பை விட்டு நீ போன நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர்கள், அங்கே ராப்பகலாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

படங்களைத் தேர்வு செய்த கூட்டத்தில் நடந்ததைப் பழைய மாணவர் அலுவலகத்து மார்ஜரி சொன்னாள். "பட்டமே வாங்காம பாதியில ஓடினவன் படம் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டாராம். உன் அப்பா எழுந்து, "நிலவியல்ல அவனை ஃபெயில் பண்ணது நான். அதுல தப்பில்ல, பரீட்சைத் தாள்ல எல்லாப் பாறைக்கும் கண்ணு மூக்கு வரைஞ்சு வச்சிருந்தான். ஆனா நம்ம காலேஜ் பேரை இன்னைக்கு நாடே சொல்லுதுன்னா அவனாலதான். மாட்டுங்க" என்றாராம். என்னிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகையில் நீ வரையும் சித்திரத் தொடரில் ஆட்டுப் பேராசிரியரைக் காணோம். தாடியும் பாறை உடைக்கும் சுத்தியலுமாக வரும் அந்த ஆடு யாரென்று ஊருக்கே தெரியும். "விழா நெருங்குதும்மா, அப்பா மனசு நோகக் கூடாதுன்னு நிறுத்திட்டேன்" என்று எழுதியிருந்தாய். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொள். இத்தனை வருஷமும் அவர் காப்பியைத் தொடுமுன் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். "கிரானைட்டுல இப்படியா அடுக்கடுக்கா கோடு விழும்? கழுதை, என் வகுப்புல தூங்கியிருக்கான்" என்று பென்சிலால் திருத்துவார். திருத்திய நாளெல்லாம் வீட்டில் சீட்டியடித்துக்கொண்டு திரிவார்.

இப்போது பிரிக்கிறார், மடிக்கிறார், அவ்வளவுதான். "இன்னைக்கும் ஆடு வரலியா?" என்றால் "எந்த ஆடு?" என்கிறார். நேற்று தாமாகவே, "சிக்னே, அவனுக்கு என் மேல கோவம் முத்திப்போச்சு போல. என்னை வரையக்கூட மனசில்ல" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவரும் கேட்கமாட்டார். இரண்டு பேரும் ஒரே பாறையில் உடைத்தெடுத்த துண்டுகள். வரும் சனிக்கிழமை விழாவுக்கு வா. மேடை பிடிக்காவிட்டால் சமையலறைக் கதவு வழியாக வா. ஆப்பிள் கேக் செய்து வைக்கிறேன்.

வரவே முடியாதென்றால் ஆட்டையாவது அனுப்பு. பாறையை மட்டும் சரியாக வரைந்துவிடாதே, கண்ணே. திருத்த அவருக்கு ஏதாவது வேண்டும்.

கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா
சிக்னே