பஸ் நிலையத்து ஆணி

அறை 214, மாணவியர் விடுதி,
கோலாலம்பூர்.
14.7.1985

அன்புள்ள நவமணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பரீட்சையால் பதில் எழுதவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். சோம்பல்தான்.

என் அறைத்தோழி சந்திரிகா பினாங்குக்காரி. தன் ஊரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். கடல், கப்பல், மலை ரயில். நேற்று, “உங்க ஊர்ல என்ன இருக்கு?” என்று கேட்டாள். பஸ் நிலையம் இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டுத் தூங்கிப்போனாள். நான் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்திலிருந்து உன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த செம்மண் சாலை. குட்டையில் ஈயம் தோண்டும் ஈயக் கப்பலின் சத்தம். ரப்பர் ஸ்டோர் நாற்றம். அந்த நாற்றத்துக்கெல்லாம் ஒருநாள் ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஓர் உதவி வேண்டும். இங்கே தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள். தலைப்பு, ‘என் ஊரின் ஒரு நாள்’. அப்பா தோட்ட ஆபீஸ் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாங்கள் கிள்ளானுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் பெர்ஜுந்தாய் பக்கமே வரவில்லை. நீயோ வேலை பார்க்கும் கிளினிக்கின் ஜன்னலிலிருந்து பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய். காலையிலிருந்து என்னென்ன நடக்கிறது என்று எழுதி அனுப்பேன். மறந்துவிட்டதால் கேட்கவில்லை. சரிபார்த்துக்கொள்ளத்தான்.

உன் அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பல்கலைக்கழகம் வர நீ ஆறாம் படிவத் தேர்வைத் தனியாக எழுதலாம் என்று சொன்னேனே, விண்ணப்பப் பாரம் வாங்கினாயா?

உன்,
திலகம்

*

பத்தாங் பெர்ஜுந்தாய்
28.7.1985

அன்புள்ள திலகம்,

நலம் விசாரித்ததாகவும் நான் பதில் சொன்னதாகவும் வைத்துக்கொள். அம்மாவின் மூட்டு அப்படியேதான் இருக்கிறது. பாரம் வாங்கவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். கட்டுரைக்கு இதெல்லாம் போதுமா என்று தெரியாது.

கிளினிக்கை ஏழரைக்குத் திறக்கிறோம். ஆனால் நான் தோட்டத்திலிருந்து ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுகிறேன், அப்பாவின் மோட்டார் சைக்கிள் அந்த நேரத்துக்குத்தான் டவுனுக்கு வருகிறது. ஆறு மணிக்கு ரவாங் பஸ். அதைப் பிடிக்க பேக்டரிப் பெண்கள் ஓடி வருவார்கள். டிரைவர் தங்கராஜு அண்ணன் தேநீரைக் குடித்து முடிக்காமல் பஸ்ஸை எடுப்பதில்லை, முடித்துவிட்டால் ஒரு நிமிடம் நிற்பதுமில்லை. ஆகையால் யாரும் பஸ்ஸைப் பார்ப்பதில்லை, அவருடைய கிளாசைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். “கிளாஸ்ல இன்னும் ரெண்டு மொடக்கு இருக்கு, மெதுவா வாங்க லா” என்று வடை விற்கும் வேலம்மா சத்தம் போடுவார். கிளினிக்குக்கு வருகிறவர்களும் அப்படித்தான். என்ன நோய் என்று சொல்வதற்கு முன் எத்தனை மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள்.

ஓடுகிற ஓட்டத்தில் யாருடைய சிலிப்பராவது ஒன்று கழன்று விழும். பஸ் நிலையத்துத் தூணில் ஓர் ஆணி இருக்கிறது. விழுந்த சிலிப்பரை யார் பார்த்தாலும் எடுத்து அதில் மாட்டிவிடுவார்கள். மாலையில் அந்தப் பெண் இறங்கி, ஒற்றைக் காலில் செருப்போடு நேரே தூணுக்குப் போவாள். ஒரு மாதம் வரை தொங்கும். யாரும் வரவில்லை என்றால் கூட்டிப் பெருக்கும் காளியண்ணன் எடுத்துக் குப்பையோடு எரித்துவிடுவார். எடுக்க வேண்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடுவதில்லை. நான் பார்த்தவரை ஒன்றுகூடத் திருடு போனதில்லை. ஒற்றைச் செருப்பை யார் திருடுவார்கள் என்று நீ கேட்கலாம்.

பத்து மணிக்கு மேல் ஒன்றும் நடக்காது. வெயில் மட்டும் அடிக்கும். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட பஸ். ஐந்தரைக்கு மழை.

வேறு ஏதாவது வேண்டுமென்றால் கேள்.

நவமணி

*

அறை 214
25.8.1985

அன்புள்ள நவமணி,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். சந்திரிகாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கிளாசைப் பார்த்து ஓடுவதை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள்.

கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே இரவில் முடிந்தது, கை வலித்தது. சின்ன வயதில் பார்த்ததெல்லாம் திரும்பி வந்தது நவமணி. ஆணியையும் சேர்த்திருக்கிறேன். அது இல்லாமல் நம் ஊர் ஏது?

நாம் இருவரும் ஒரு பொட்டலம் அசாம் பூய் உப்புப் பழம் வாங்கி, தோட்டம் போய்ச் சேரும்வரை ஒரே கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டு வருவோமே, அதை எழுத நினைத்து விட்டுவிட்டேன். நடுவர்களுக்குப் புரியாது.

அன்புடன்,
திலகம்

*

அறை 214
5.1.1986

அன்புள்ள நவமணி,

முதல் பரிசு! ஆச்சரியக்குறி போட்டதற்கு மன்னித்துக்கொள். ஒரு கேடயம் கொடுத்தார்கள், மேடையில் ஏற்றிப் பேசவும் சொன்னார்கள். மலரின் பொறுப்பாசிரியர் அர்ஜுனன், நம்மைவிட இரண்டு வருடம் மூத்த மாணவர், ஊரைப் பற்றித் தொடர்ந்து எழுதச் சொல்கிறார். மாதம் ஒன்று.

மலரின் ஒரு பிரதி இத்துடன். பக்கம் 31. நேரம் கிடைக்கும்போது உன் ஜன்னலிலிருந்து இன்னும் கொஞ்சம் எழுதி அனுப்பு. வேலம்மாவைப் பற்றி, காளியண்ணனைப் பற்றி. நீ எழுதினால் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.

உன்,
திலகம்

*

பத்தாங் பெர்ஜுந்தாய்
19.1.1986

திலகம்,

மலர் வந்தது. பக்கம் 31-ஐ வாசித்தேன். பரிசுக்கு வாழ்த்து.

தங்கராஜு அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். தன் தேநீர் அச்சில் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ‘எளிய மனிதர்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “எளியன்னா என்னம்மா? நம்மள ஏழைங்கறாங்களா, லேசுங்கறாங்களா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நான் எழுதிய வரிகள் நான் எழுதியபடியே பதினொன்று இருக்கின்றன. அதற்குச் சண்டை இல்லை. நீ கேட்டாய், நான் கொடுத்தேன்.

ஆனால் இப்படி எழுதியிருக்கிறாய்: “நான் சிறுமியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்த ஆணி அது. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் பிறந்தபோதே அதுவும் பிறந்திருக்க வேண்டும்.”

அந்த ஆணியை நான் அடித்தேன், திலகம். போன வருடம் பிப்ரவரியில். நீ ஊரை விட்டுப் போய் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

கலாவதி என்ற பேக்டரிப் பெண்ணின் சிலிப்பர் விழுந்துவிட்டது. நாள் முழுக்க ஒற்றைக் காலோடு வேலை செய்துவிட்டு வந்து தேடினாள். அதற்குள் குப்பையோடு போய்விட்டது. மறுநாள் கிளினிக்கில் காலண்டர் மாட்ட வைத்திருந்த ஆணியை எடுத்துப்போய், மாத்திரை இடிக்கும் கல்லால் அடித்தேன். கல்லின் ஓரம் உடைந்துவிட்டது, டாக்டர் திட்டினார். முதலில் தலை உயரத்தில்தான் அடித்தேன். “செருப்ப மூஞ்சிக்கு நேரா மாட்டுனா எவன் எங்கிட்ட வடை வாங்குவான்? கீழ எறக்கி அடி லா” என்று வேலம்மா ஒரு வாரம் சண்டை போட்டார். பிடுங்கிக் கீழே அடித்தேன். இப்போது முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதை யாரும் அண்ணாந்து பார்க்க முடியாது.

நம் சின்ன வயதில் விழுந்த செருப்பு விழுந்ததுதான். உனக்கு ஞாபகம் இல்லையா? ஆறாம் வகுப்பு முடிந்ததும் உன் அப்பா நம் இருவரையும் கோல சிலாங்கூருக்கு அழைத்துப் போனார். பஸ் ஏறும்போது உன்னுடைய புது சிவப்புச் செருப்பு ஒன்று படியிலிருந்து விழுந்தது. பஸ் நிற்கவில்லை. வழியெல்லாம் அழுதாய். நான் என் இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். புக்கிட் மெலாவத்தி மலையில் இருவரும் வெறுங்காலோடு ஏறினோம். தார் சுட்டது. மாறி மாறிப் புல்லில் நின்று குரங்குகளுக்குக் கச்சான் கடலை போட்டோம். திரும்பி வந்து தேடியபோது செருப்பு இல்லை. மாட்டி வைக்க ஆணி இல்லை.

ஆணி அடிக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஜூலையில் இதை எழுதாததற்குக் காரணம், நீயே ‘இது எப்போது வந்தது?’ என்று கேட்பாய், அப்போது சொல்லலாம் என்று இருந்ததுதான்.

என் பெயரைப் போடு என்று கேட்கவில்லை. இந்த ஊரில் நானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதை யாரும் செய்யவில்லை என்று அச்சில் வந்துவிட்டது.

ஈயக் கப்பல் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். சத்தம் இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் வருவதில்லை. இது கட்டுரைக்கு அல்ல. இனிமேல் கட்டுரைக்கு எதுவும் எழுதமாட்டேன்.

நவமணி

*

அறை 214
2.2.1986

அன்புள்ள நவமணி,

உன் கடிதம் வந்ததும் கோபம்தான் வந்தது. ஓர் ஆணிக்கு இவ்வளவா என்று ஒரு பதிலும் எழுதினேன். நல்ல வேளையாகத் தபால்தலை இல்லை.

நான் பொய் எழுதவில்லை என்று சொன்னால் நம்புவாயா? எழுதும்போது அந்த ஆணியை நிஜமாகவே பார்த்தேன். அம்மாவின் கை, தூண், மேலே தொங்கும் செருப்புகள். இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. ஆனால் சிவப்புச் செருப்பு ஞாபகம் வரவே இல்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தேன். வெறுங்காலோடு மலை ஏறியதும் வரவில்லை. நடக்காதது இவ்வளவு தெளிவாக இருக்கிறது, நடந்தது போய்விட்டது. எனக்கே பயமாக இருக்கிறது.

அர்ஜுனனிடம் திருத்தம் போடச் சொன்னேன். “ஆணிய யார் அடிச்சா என்ன லா, உணர்வுதானே முக்கியம்” என்றார். அடுத்த மலர் அடுத்த வருடம்தானாம். மாதக் கட்டுரையை எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கேடயத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

திலகம்

*

அறை 214
17.3.1986

அன்புள்ள நவமணி,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. காரணம் கேட்கவில்லை.

நேற்று முன்தினம், சனிக்கிழமை, புடுராயா நிலையத்தில் பஸ் ஏறி, கோல சிலாங்கூரில் மாறி, பெர்ஜுந்தாய் வந்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பதினோரு மணி இருக்கும். நீ சொன்னது சரி, பத்து மணிக்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. வேலம்மா கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. “யாரு வீட்டுக்கு வந்திருக்க?” என்று கேட்டார்.

தூணைச் சுற்றிப் பார்த்தேன். குனிந்தபோதுதான் ஆணி தெரிந்தது. நிமிர்ந்தபோது தலை உயரத்தில் பழைய ஓட்டையும் தெரிந்தது.

ஜன்னல் வழியே உன்னைப் பார்த்தேன். தலை குனிந்து நம்பர் எழுதிக்கொண்டிருந்தாய். முடியை வெட்டியிருக்கிறாய். கதவு வரை வந்தேன். நான் வந்தால், வந்ததையும் ஒருநாள் கட்டுரையாக எழுதிவிடுவேன் என்று நீ நினைப்பாயோ என்று தோன்றியது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அம்மாவுக்கு மூட்டு எப்படி இருக்கிறது?

திலகம்

*

பத்தாங் பெர்ஜுந்தாய்
5.4.1986

திலகம்,

அம்மாவின் மூட்டு மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி.

உன் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். அன்று மதியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வரும்போது ஆணியில் ஒரு செருப்பு தொங்கியது. நீல வார். அடியில் மையால் 214 என்று எழுதியிருந்தது. விடுதியில் மாறிப்போகாமல் இருக்க எழுதுவீர்கள் போலிருக்கிறது. “ஒரு பொண்ணு தானா கழட்டி மாட்டிட்டு ஒத்தக் காலோட பஸ் ஏறிப் போச்சு, பைத்தியமோ என்னமோ” என்றார் வேலம்மா. பழக்கமான பைத்தியம்தான் என்றேன்.

அப்படியே கோலாலம்பூர் வரை எப்படிப் போனாய் என்று நீ எழுதவில்லை. வெயில் நேரம். புடுராயாவில் தார் சுட்டிருக்கும்.

செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் எடுத்து வைக்கவில்லை. தபாலில் அனுப்பவும் போவதில்லை. முறை என்னவென்று உனக்குத் தெரியும், நீயே அச்சில் போட்டிருக்கிறாய். பதினைந்தாம் தேதியோடு ஒரு மாதம் ஆகிறது. காளியண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை. கிளினிக் ஒரு மணி வரை திறந்திருக்கும்.

நவமணி